தீர்மானம் ஆறு

ரூபி டீச்சர் தாளை என்னிடம் நீட்டினார்.
"தலைவி நீங்கதானே, நீங்களே படிங்க."
தலைவி என்றால்
வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு
ஏழாம் வகுப்புப் பெஞ்சில்
முட்டி இடிக்க உட்கார்ந்து
முதல் கையெழுத்துப் போடுகிறவள்.
வேறொன்றும் இல்லை.

பதினெட்டுப் பேர் வந்திருந்தோம்.
ஆண்கள் மூவர். அதில் ஒருவர்
மோட்டார் பழுது பார்க்க வந்தவர்,
நிழலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

படித்தேன்.
ஒன்று: தண்ணீர்த் தொட்டி கழுவியாயிற்று.
இரண்டு: உதவித்தொகைத் தேர்வுக்கு
எட்டாம் வகுப்பில் பதினோரு பேர்,
அவர்களுக்குச் சனிக்கிழமையும் வகுப்பு.
மூன்று: வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை.
வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

கோட்டீஸ்வரி எழுந்தே விட்டாள்.
"அஞ்சாவது வரைக்கும் காலையில உப்புமா போடுறீங்க.
ஆறாவது வந்துட்டா பசிக்காதா இன்னா?"
டீச்சர் சன்னல் பக்கம் பார்த்தார்.
"அது என் கையில இல்லைம்மா.
ஆனா தாளிக்கிற வாசனை வர்ற நேரத்துல
ஆறாவதுல ஒரு கணக்கும் ஓடாது. எனக்கும் தெரியும்."
அதை அப்படியே எழுதச் சொன்னேன்.
எழுதினார்.

நான்கு: மோர்தானா நிரம்பினால்
கவுண்டன்யாவில் எந்நேரமும் வெள்ளம் வரும்.
தரைப்பாலத்தில் பிள்ளைகளை விடாதீர்கள்.
ஒருநாள் வராவிட்டால் பரவாயில்லை.

வராவிட்டால் பரவாயில்லை என்று
பள்ளிக்கூடம் எழுதி
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஐந்து: குடியாத்தம் சாலையைக் கடக்கும்போது கவனம்.

ஆறு.
ஆறாவதை முதலில் கண்ணால் மட்டும் படித்தேன்.
தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
"அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால்
மாணவர்களை வீட்டில் பீடி வேலையில்
ஈடுபடுத்த வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம்."

மோட்டார்காரர் மட்டும் இருமினார்.
மற்றவர்கள் என் விரலைப் பார்த்தார்கள்.
நான் அவர்கள் விரலைப் பார்த்தேன்.
அதே மஞ்சள். அதே இடத்தில் காய்ப்பு.

என் ஜீவிதா முனை மடிப்பாள்.
நான் இலை வெட்டி, தூள் வைத்து,
சுருட்டி, நூல் சுற்றிப் போடப் போட
முறத்தோரம் உட்கார்ந்து
வரலாற்றுப் புத்தகத்தைத் தொடையில் விரித்து
பார்க்காமலே மடிப்பாள்.
சின்ன விரலுக்கு வேகம் அதிகம்.
ஒரு நாளின் ஆயிரத்தில்
அவள் விரலுக்கு எத்தனை என்று
நான் எண்ணியதில்லை.
எண்ணக் கூடாது என்றே எண்ணியதில்லை.

"சொல்லு டில்லிராணி," என்றாள் பர்வீன்,
"நீ விட்டா நாங்களும் விடுறோம்."
கிண்டலா, கேட்கிறாளா, தெரியவில்லை.

"பரீட்சை முடியிற வரைக்கும்," என்றேன்.
"அப்பால?" என்றது பின்பெஞ்சு.
"அப்பால அடுத்த கூட்டம்."

டீச்சர் பேனாவை மூடினார், திறந்தார், எழுதினார்:
தீர்மானம் ஆறு. தேர்வு முடியும்வரை. ஏகமனதாக.
ஏகமனதாகவுக்குக் கீழே
என் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினேன்.

இரவு, பழக்கத்தில்
ஜீவிதா முறத்தை இழுத்தாள்.
நான் என் பக்கம் இழுத்தேன்.
"இன்னாம்மா?"
தாளைக் கொடுத்தேன்.
டியூப்லைட்டுக்குக் கீழே நின்று
ஒன்றிலிருந்து ஆறுவரை படித்தாள்.
ஆறாவதில் கொஞ்சம் நின்றாள்.
பிறகு மேலே போய்,
"அஞ்சாவதுல கவணம்னு இருக்கும்மா.
மூணு சுழி போட்டுட்டாங்க" என்று
சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள்.
போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு
சுவரோரம் போனாள்.
கை மட்டும் கொஞ்ச நேரம்
தாவணி நுனியை மடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கான்ட்ராக்டர் கட்டுகளை எண்ணினார்.
நாற்பது வரவேண்டிய இடத்தில் முப்பத்தொன்று.
இரண்டாம் முறையும் எண்ணினார்.
"உடம்பு சரியில்லியா?"
"இல்லிங்க. பரீட்சை."
"யாருக்கு?"

அடுத்த நாளுக்கான இலையை வாங்கி
ஈரத்துணியில் சுற்றிக்கொண்டேன்.