நான்காவது முட்டை

வெள்ளி மாலை, வாயை மாவால் அடைத்து
மொகதோர் அடுமனைக்கு நான் அனுப்பிய பானை வேறு.
சனி நண்பகல் வந்தது வேறு.

மீமூன் மூடியைப் பெயர்த்ததும் தெரிந்தது:
கோதுமையில் பட்டை தூக்கல்,
கறி பேருக்கு.
ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது.
பசிக்கு அதெல்லாம் தெரியுமா,
உட்கார்ந்துவிட்டோம்.

இரவெல்லாம் வெந்து
தேக்கு நிறமேறிய முட்டைகள். எண்ணினேன்,
நான்கு.
யார் வீட்டுப் பானை என்று
அப்போதுதான் பிடிபட்டது.

மெஸ்ஸோடி வீட்டில் இப்போது மூன்றே பேர்.
ஹாயிம் மர்சேய்க்குக் கப்பலேறி
இரண்டு பஸ்கா கழிந்தாயிற்று.

மூன்றை உரித்தோம்.

வானில் மூன்று மீன் தெரிந்ததும்
பானையைக் கழுவி
மிச்சமிருந்ததை ஓடு கீறாமல் உள்ளே வைத்து
எடுத்துப் போனேன்.

"உன் சமையலில் உப்பே இல்லையடி"
என்று தொடங்கினாள், கைநீட்டி வாங்கியபடி.

உள்ளே உருண்டது.