இழு, இழு, நிறுத்து

ஜாலான் பாசாரில் சூங்கின் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் நூறு பொய் மீன்கள்,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் இரண்டு கொக்கி.
"எந்தக் குட்டை?" என்பார் முதலில்.
பூச்சோங் என்றேன், கொண்டோவுக்குப் பின்னால்,
ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளம்.
"தண்ணி என்ன நிறம்?"
மழை பெய்தால் மைலோ, மற்ற நாளில் பச்சை.
அப்படியானால் ஆரஞ்சு வயிறு, ஏழு சென்டிமீட்டர்,
முப்பத்தெட்டு வெள்ளி.

பத்து பவுண்டு பின்னல் நூல் போதும்.
முனையில் ஒரு முழம், கண்ணுக்குத் தெரியாத நரம்பு.
முடிச்சை எச்சில் தொட்டு இறுக்க வேண்டும்.
காய்ந்தபடி இறுக்கினால் சூடேறி
பார்க்க முடிச்சு மாதிரியே இருக்கும், பாதி செத்திருக்கும்.
இது சூங் சொன்னதல்ல.
அறுத்துக்கொண்டு போன மூன்று மீன்கள் சொன்னது.
கம்பு ஆறடி. அதற்கு மேல் போனால்
பின்னாலிருக்கும் வேலியில் மாட்டும்.
ரீலில் கட்டைவிரல் ஒரு நொடி பிந்தினால்
குருவிக்கூடு. பிரித்தெடுக்க
ஞாயிற்றுக்கிழமையில் பாதி.

அப்புறம் கை.
"இழு, இழு, நிறுத்து.
நிறுத்துற இடத்துலதான் அடிக்கும்" என்று
சூங் மணிக்கட்டை ஆட்டிக் காட்டியபோது
எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்று சொல்லவில்லை.

வாரநாளில் நான் பங்சார் சவுத்,
பதினேழாவது மாடி, காதில் ஹெட்செட்.
திரையில் கடன் கட்டாதவர்கள்.
தமிழா மலாயா ஆங்கிலமா,
பெயரைப் பார்த்ததும் முடிவெடுக்க வேண்டும்.
"மிஸ் மலர் பேசுறேன்" என்பதை மெதுவாக.
மூன்று மாதம் தாண்டியவர்களுக்குக் கொஞ்சம் வேகம்.
எழுதிக் கொடுத்த தாளில் இல்லாதது ஒன்று:
தொகையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது.
ஐந்து விநாடியை யாரும் தாங்குவதில்லை.
எதையாவது சொல்லிவிடுவார்கள்.

ஞாயிறு, ஏழே முக்கால்.
ரிஸுவான் எதிர்க்கரையில் பாப்பர் வீசுகிறான்,
தண்ணீர் கொப்புளம் கொப்புளமாக உடைகிறது.
நான் உடைந்த சிமெண்டுக் குழாயின் ஓரம்.
முதல் வீச்சு, ஒன்றுமில்லை.
இரண்டாவது, பின்னால் ஒரு நிழல் வந்து திரும்பியது.
மூன்றாவதில் நிறுத்தினேன்.
எண்ணி முடிக்கவில்லை, கம்பு வளைந்துவிட்டது.

மஞ்சள் உடம்பு, மூன்று கறுப்புப் பட்டை,
வாலில் பொன் வளையம் போட்ட கண்.
நெற்றி புடைத்திருந்தது.
ரிஸுவான் ஓடி வந்து பார்த்தான், படம் எடுக்கவில்லை.
"லாப்பார் பூக்கான். மாரா."
பசியில்லையாம். கோபமாம்.
தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டினான்.
கண்கூசல் போனதும் தண்ணீர் திறந்துகொண்டது:
குழாயடியில் மிளகுத்தூள் தூவியது போல் குஞ்சுகள்,
சுற்றிச் சுற்றித் துரத்தும் இன்னொரு மீன்.
அது இந்தப் பக்கம் போனால்
அந்தப் பக்கம் திலாப்பியாக்கள்.

முன்கொக்கி உதட்டில், சுலபம்.
பின்கொக்கி தாடையைத் தாண்டி உள்ளே.
குறடு கைக்கு வராமல்
பையில் பிஸ்கட்டும் சாவியும் வந்தன.
நாற்பது விநாடி இருக்கும். கூடவும் இருக்கலாம்.
தண்ணீரில் விட்டதும் அது மூச்சுவாங்க நிற்கவில்லை,
நேராகக் குழாய்க்குப் போனது.
மிளகுத்தூள் பாதியாகியிருந்தது.

நான் வீட்டுக்குப் போய்விடவில்லை.
கரையோரம் நூறடி தள்ளிப் போய்
கொக்கி முட்களையெல்லாம் குறடால் நசுக்கினேன்.
ரிஸுவான் சிரித்தான்.
பதினோரு மணிவரை வீசினேன், ஒன்றும் இல்லை.

திங்கள், பத்தாவது அழைப்பு.
எடுத்ததுமே கத்தினார் ஒரு மனிதர்.
கத்தட்டும், கத்துகிறவர்கள் கட்டுவார்கள்.
பின்னால் ஏதோ விழுந்து உடைந்தது,
சின்னக் குரல் ஒன்று "அப்பா, நான் இல்ல" என்றது.
தொகையைச் சொன்னேன். நிறுத்தினேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் நானே பேசிவிட்டேன்,
"பிறகு கூப்பிடுறேன் சார்."
தேதி வாங்கவில்லை என்று மதிப்பெண் குறைத்தார்கள்.

முள் இல்லாத ஒற்றைக் கொக்கி இருக்கிறதா என்று
சூங்கிடம் கேட்க வேண்டும்.
அவர் எப்படியும்
தண்ணீரின் நிறத்தைத்தான் முதலில் கேட்பார்.