அடிக்கணக்கு

ஒத்தக்கடையில் போர் போடும் கம்பெனியில்
பில் எழுதுகிறேன்.
முந்நூறடி வரை ஒரு ரேட்.
அதற்குக் கீழே நூறுக்கு நூறு
பூமி விலை ஏறும்.

பழைய பில் புக்குகளை எலிக்குக் கொடுக்காமல்
பீரோவில் வைத்திருக்கிறேன்.
தொண்ணூற்றிரண்டு, நரசிங்கம் ரோடு:
நூற்றுப்பத்து அடி, தண்ணீர் இரண்டரை இஞ்ச்.
அதே தெரு, இரண்டாயிரத்து ஏழு:
நானூற்று அறுபது அடி, முக்கால் இஞ்ச்.
கையெழுத்து மாறியிருக்கிறது.
கார்பன் தாளின் நீலம் மட்டும் அப்படியே.

நேற்று ராத்திரி துளசிராம் சார் வீட்டில் வண்டி நின்றது.
லேக் வியூ நகர், பிளாட் நாற்பத்தொன்று.
லேக் எங்கே என்று யாரும் கேட்பதில்லை,
அதன் வயிற்றில்தான் எல்லா வாசலும்.

அறுநூறில் பக்கத்து வீட்டு ஜெய்னம்பு அக்கா
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தது.
"எங்க போர் காத்தா ஊதுது, நிறுத்துங்கப்பா."
யாரும் நிறுத்தவில்லை.
அந்த அக்கா போர் போட்டபோது
இவர் வீட்டில் ஊதியது.

எண்ணூறில் வெள்ளைப் புழுதி.
ஆயிரத்தில் சாம்பல்.
ஆயிரத்து நூற்று நாற்பதில்
தீனபந்து கம்பரசரை அணைத்துவிட்டுத் தலையைத் தட்டினான்.
யானைமலையின் வேர்
பொடிப்பொடியாய் உதிர்ந்தது.

ஒடிசாவில் அவன் ஊரில் அன்றைக்கு வெள்ளம்.
போனில் காட்டினான்:
கூரைமேல் இரண்டு ஆடு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
"பாதிய இங்க அனுப்பச் சொல்லுடா" என்றார் துளசிராம் சார்.
அவன் சிரித்தான்.
அவ்வளவு தமிழ் அவனுக்குத் தெரியும்.

விடிந்து பில் போட்டேன்.
தண்ணீர் என்ற இடத்தில் ஒரு கோடு.
"கோடு போடாதம்மா.
ஒரு இஞ்ச்னு எழுது. வீட்ட விக்கணும்,
மக மாப்பிள்ளைகூட ஓசூர் போறோம்."
முடியாது என்றேன்.
"சரி, ஈரம்னாவது எழுது.
ஈரம் இருந்துச்சுல்ல?"

கம்பி முனையைத் தொட்டுப் பார்த்தேன்.
சூடாக இருந்தது.
ஈரம் என்று எழுதினேன்.
வாங்க வருகிறவர் பெயர் இன்னும் தெரியாது.
கையெழுத்து என்னுடையது.

அந்தப் புக்கில் அடிக்கு மூன்று கட்டம்தான்.
முதலாளியின் அப்பா காலத்து பிளாக்,
ஆயிரம் வரும் என்று அவர் நினைக்கவில்லை.
நாலாவது இலக்கத்தை
கட்டத்துக்கு வெளியே,
ஓரத்துக் கோட்டையும் தாண்டி
நெருக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று புதுப் புக் அடிக்கக் கொடுக்க
வடக்கு மாசி வீதிக்குப் போனேன்.
அச்சகத்துப் பையன் ஸ்கேலை வைத்துக்கொண்டு கேட்டான்:
"அடிக்கு எத்தனை கட்டம்க்கா?"

அஞ்சு என்று வந்துவிட்டது வாயில்.
அவன் அஞ்சு போட்டான்.
நான் திருத்தச் சொல்லவில்லை.