வேற எதுனா குடும்மா

மஞ்சள் டீ-ஷர்ட், முதுகில் கம்பெனி பெயர்.
பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே
ஒரு குடை, ஒரு ஸ்டூல், நான்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கு போன்.
எங்கள் சிம் மட்டும்தான் அதில் ஓடும்.
மூன்று வருஷத்துக்குள் வேறு சிம் போட்டால்
பூட்டுப் படம் ஒன்று வரும், அவ்வளவுதான்.
இதையும் சொல்லி விற்கணும் என்றார்கள் டிரெயினிங்கில்.
சொல்கிறேன். கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன்.

கட்டண அட்டையைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை.
மால்டாவிலிருந்து வந்தவர் கேட்பார்,
கீழ்த்தளத்தில், ரேடியேஷன் அறை வாசலில் எடுக்குமா?
எனக்குத் தெரிந்த நான்கு வங்காளிச் சொற்களில்
ஒன்று "எடுக்கும்".
அந்த வாசலுக்கு நான் போனதில்லை.
சத்துவாச்சாரி டீச்சருக்கு
நம்பரைக் கூட்டினால் ஐந்து வரணும்.
ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்கள் ஆறு பேர் வந்தால்
ஆறு பேருக்கும் ஒன்றே,
அவர்கள் சூப்பர்வைசர் வைத்திருப்பது மட்டும் வேண்டாம்.
ஒருத்தன் குனிந்து,
"எங்க ஊட்டுக்காரி கிட்ட எது இல்லியோ அது" என்றான்.
கொடுத்தேன். அதற்கும் நாற்பது ரூபாய் கமிஷன்.

தசரதன் வந்தது ஒரு மார்கழி மதியம்,
ஒடுகத்தூர் பஸ்ஸின் தூசி சட்டையெல்லாம்.
"உங்க ஊர்ல எது எடுக்குதுண்ணா?"
விற்கிறவள் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

"செவப்பு கம்பெனி டவர்தான் கீது.
பூங்காவனம் நெலத்துல. என் பங்காளி.
மாசம் ஒம்போதாயிரம் வாடக.
வரப்ப மூணடி தள்னான் பாரு,
அந்த மூணடிலதான் அது நிக்குது.
நான் பேசுற பேச்சுல அவனுக்குக் காசு போவக் கூடாது.
வேற எதுனா குடும்மா."

பேசினாலும் பேசாவிட்டாலும்
வாடகை அதேதான் அண்ணா என்றேன்.
"தெரியும்."
மஞ்சள் அங்கே எடுக்காதே.
"அது என் பாடு."
மூன்று தடவை ரேகை விழவில்லை.
மண்வெட்டி தேய்த்த கட்டைவிரல்.
வேட்டியில் அழுத்தித் துடைத்து நான்காம் தடவை வைத்தார்,
பத்திரத்தில் வைப்பது போல.

ஆவணியில் திரும்பி வந்தார்.
பேட்டரி உப்பி, மூடி நிற்கவில்லை, ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"ஏரி மதகு மேல ஒரு கட்ட ஏறும். சைக்கிள்ல போய் பேசுவேன்."
டவர்?
"செவப்பு கம்பெனி மூடிட்டான் இல்ல?
டவரு சும்மா நிக்குது, காக்கா கூடு கட்டி கீது.
வாடக போச்சு.
அவன் போனும் உன்னுது மாதிரி ஆபர்ல வாங்குனது,
வேற சிம்மு ஏறாது."

அப்போ சந்தோஷம்தானே என்று கேட்டேன்.
வியாபாரப் பேச்சு, நாக்கு தானாகச் சொல்வது.

ரப்பர் பேண்டைக் கழற்றி விரலில் சுற்றினார்.
"ராத்திரி பதினோரு மணி. மதகு மேல குந்திகினு கீறேன்.
அவன் வந்தான்.
பதினேழு வருசமா மூஞ்சி பாக்கல நாங்க.
பேசல. கைய நீட்டுனான்.
பொண்ணு குடியாத்தத்துல பிரசவத்துக்குப் போய் கீதாம்.
குடுத்தேன்.
நாலு நிமிசம் பேசனான். தொடச்சிக் குடுத்தான்."

என்ன சொன்னார்?
"ஆம்பளப் புள்ளையான்னான்.
என் கிட்ட இல்ல. போன்ல."

வரப்பு?
"அது கோர்ட்ல கீது."

புதுப் பேட்டரி முந்நூற்று ஐம்பது.
என் கமிஷனைக் கழித்தேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.
பூட்டு எப்போ தொறக்கும் என்று மட்டும் கேட்டார்.
இரண்டு வருஷம், நாலு மாசம்.
"கெடக்கட்டும்."

அப்போது பார்த்து என் பையில் போன் அடித்தது.
அம்மா. எடுத்தேன், வைத்தேன்.
திரையில் ஓடிய பெயரை அவர் படித்துவிட்டார்.
"உன்னுது மஞ்சள் இல்லியா?"

"எங்க தெருல மஞ்சள் எடுக்காதுண்ணா.
மேல்விஷாரம்."

முதல் தடவையாகச் சிரித்தார்.
பக்கத்தில் இளநீர் வெட்டுகிறவன் திரும்பிப் பார்த்தான்.
டீ-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு
அடுத்து வந்தவரிடம் ஆரம்பித்தேன்,
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது,
கொஞ்சம் மெதுவாக.