நான்கு பொத்தான்கள்

எனக்குக் கொடுத்தது நான்கு பொத்தான்கள்.
நேர்க்குத்து பட்டது, நேர்க்குத்து படவில்லை,
வன்குத்து பட்டது, வன்குத்து படவில்லை.
பட்டும் படாமலும் போனதற்குப்
பொத்தான் கிடையாது.

அட்லாண்டிக் சிட்டி, பிப்ரவரி,
சூதாட்ட விடுதியின் மேல்மாடி அரங்கு.
கயிற்றுக்குக் கீழே, வியர்வை தெறிக்கும் தூரத்தில் மேசை.
பக்கத்தில் ஒடெட் ஃபருஜியா,
கன்னத்தில் ஒதுக்கிய புதினா மிட்டாயோடு.
அவளுக்கு எர்மோசியோக்காரன் புரோலா,
எனக்குக் கேம்டன் ஊரின் டாரியஸ் பெக்வித்.
விதி அதுதான், ஆளுக்கு ஓர் ஆள்.
அடுத்தவனை நிமிர்ந்து பார்த்தால் கணக்குத் தப்பும்.

பன்னிரண்டு சுற்றும்
நான் புரோலாவைப் பார்க்கவே இல்லை.
கேட்டேன்.
ஒடெட்டின் விரல் தட்டும் சத்தமாக
அவன் என் வலக்காதில் சண்டையிட்டான்.
எட்டாம் சுற்றில் தகரக் கூரையில் மழைபோல் தட்டினாள்.
என் ஆள் ஓரடி பின்வாங்குவதைக் கண்டேன்.
பின்வாங்குவதற்கும் பொத்தான் இல்லை.

ஐந்தில் நடுவர் குறுக்கே வந்தார்.
அகன்ற முதுகு, ஒட்டிப்போன சட்டை.
அந்த முதுகுக்கு அப்பால் மூன்று முறை
தோலில் தோல் விழும் ஓசை.
மூன்றையும் பட்டதாக அழுத்தினேன்.
சத்தியமாகத் தெரியாது
எவன் தோல், எவன் மேல்.

கடைசி மணி அடித்ததும் பெரிய திரையில்
இருநூற்றுப் பதினான்கு, நூற்று எழுபத்தாறு.
அறிவிப்பாளர் தாளைப் பிரித்தார்.
நூற்றுப் பதினேழுக்கு நூற்றுப் பதினொன்று, பெக்வித்.
நூற்றுப் பதினைந்துக்கு நூற்றுப் பதின்மூன்று, புரோலா.
அதே எண் மறுபடியும், புரோலா.
பியர் கோப்பைகள் பறந்தன.
திருட்டு, திருட்டு என்றவர்கள்
என் எண்ணைச் சொல்லித்தான் கத்தினார்கள்.
இருநூற்றுப் பதினான்கு! இருநூற்றுப் பதினான்கு!
பத்தாம் சுற்றில் நான் தும்மியதும்
அதற்குள்தான் இருக்கிறது.

தொலைக்காட்சிப் பையன் மைக்கை நீட்டினான்.
"வெண்டல், உண்மையில் யார் ஜெயித்தது?"
நான் ஒருவனைத்தானே பார்த்தேன் என்றேன்.
சிரித்தான். வேடிக்கைக்குச் சொன்னதாக எண்ணிக்கொண்டான்.

மின்தூக்கியில் ஜூடித் ஹேவர்கேம்ப்,
புரோலாவுக்கு மதிப்பெண் போட்டவர்,
இருபுறமும் காவலர்கள்.
அவர் உட்கார்ந்தது பெக்வித்தின் முதுகு தெரிந்த பக்கம்,
நான் உட்கார்ந்தது விலா தெரிந்த பக்கம்.
இதைப் பேசலாம் என்று வாய் திறந்தேன்.
கார் நிறுத்தியது எந்தத் தளமென்று
மறந்துவிட்டதாகச் சொன்னார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் நிஜ வேலை,
நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி.
அங்கேயும் எண்ணிக்கைதான், வண்டிக்கு எத்தனை அச்சு.
அச்சில் தகராறு வராது.
லாரி ஐந்து, கார் இரண்டு.

சாம்பல் நிறக் கார், முகவிளக்கு ஒன்று அவிந்தது.
கண்ணாடி இறங்கியது.
ஒரு கண் மூடிப் புடைத்து, புருவத்தில் ஏழு தையல்
(எண்ணிவிட்டேன், பழக்கம்).
அவனுக்கு என்னைத் தெரியாது.
எனக்கு அவனை எழுநூற்றுச் சொச்சம் முறை தெரியும்.
சில்லறை நீட்டினான்.
இடது கை விரியவில்லை.
விரலெது முட்டியெது என்று பிரியாத வீக்கம்.
நாணயங்களை ஒவ்வொன்றாக
நானே பிடுங்க வேண்டியிருந்தது.
ஒன்பதாம் சுற்றில் அந்தக் கைக்கு
ஆறு முறை 'படவில்லை' அழுத்தியிருக்கிறேன்.
எதிலோ பட்டிருக்கிறது.
முழங்கையோ, விலாவோ,
தீர்ப்புக்குப் பிறகு உடைமாற்றும் அறைச் சுவரோ.
ரசீது வேண்டுமா என்றேன்.
வேண்டாமென்று தலையாட்டிவிட்டுப் போனான்.

அப்புறம் ஒளிநாடாவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
அடுத்த வாரம், மனைவி தூங்கிய பின் இன்னொரு முறை.
இருநூற்று இருபத்தொன்று.
மூன்றாம் முறை பெக்வித்தை விட்டுவிட்டு
புரோலாவை மட்டும் எண்ண உட்கார்ந்தேன்.
என்ன கால்கள் அவனுக்கு!
பாத்திரம் துலக்கிய நீரில் எண்ணெய் நகர்வதுபோல்
அடிக்கு அகப்படாமல், அவசரமும் படாமல்.
மூன்றாம் சுற்றிலேயே
எண்ண மறந்துபோனேன்.