எண்ணுபவன்

நான்கு ஆண்டுக்கு ஒரு ஜனவரி
எங்கள் ஐயோவா நாட்டுக்கு ஞாபகம் வரும்.
பன்றித் தீவனம் ஏற்றும் என் லாரியின் முன் நின்று
இந்த முறை மூன்று வேட்பாளர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.
ஒருவர் மட்டும்
"இந்த நாற்றத்தோடு எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?" என்றார்.
அவருக்கே போட்டிருப்பேன்.
இரண்டு நாளில் விலகிவிட்டார்.

தபாலில் வந்த அட்டைகளை ஆர்லிஸ்
மாவு நிறுக்கும் தராசில் வைத்தாள்.
ஐந்தேகால் பவுண்டு.
எல்லாவற்றிலும் கழுகு, கொடி, கோதுமை வயல்.
(இங்கே விளைவது சோளம்.)
எதிராளியின் முகம் மட்டும் கறுப்பு வெள்ளையில்,
பல்வலிக்காரனைப் போல.

கடன் வாங்காதே.
அடுத்தவன் பையில் கைவிடாதே.
ஞாயிற்றுக்கிழமை டிராக்டரைத் தொடாதே.
சொன்னதை மாற்றாதே.
இவ்வளவுதான் என் அரசியல்,
தீப்பெட்டியின் முதுகில் எழுதிவிடலாம்.
பதினெட்டு வயதில் இதற்காகத்தான்
இந்தக் கட்சியில் பெயரைப் பதிந்தேன்.
அவர்கள் ஆண்டபோது கடன் ஏறியது.
எங்கள் ஆட்கள் ஆண்டபோதும் ஏறியது;
எங்கள் ஆட்கள்
வருத்தத்தோடு ஏற்றினார்கள்.

மானியம் என்றாலே திருட்டு என்று
வேறு மாநிலத்தில் முழங்கிய ஒருவர்
மிசௌரி ஆற்றுப் பாலம் தாண்டியதும்
சோள எரிசாராயத்துக்கு மட்டும்
வேறொரு சொல் கண்டுபிடித்தார்.
நானும் கை தட்டினேன்.
அந்தக் காசில்தான் என் லாரிக்கு டயர்.
இதையும் சொல்லிவிட வேண்டும்.

டுவைட் ப்ரூன்ஸ்மாவும் நானும்
ஒரே கட்சி, ஒரே தேவாலயம், ஒரே மாட்டு வைத்தியர்.
அவன் வாசலில் ஒரு பெயர்ப்பலகை நட்டான்.
நான் எதையும் நடவில்லை.
நடாததற்காக டிசம்பரிலிருந்து பேச்சில்லை;
என் வெல்டிங் இயந்திரம் இன்னும் அவன் கொட்டகையில்.

தேர்வு இரவு. பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது.
பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில்
ஏழு வயதுக்காரர்களின் பெஞ்சுகளில்
முழங்கால் மோவாயை முட்ட
உட்கார்ந்திருந்தது எங்கள் வட்டம்.
ஆளுக்கு மூன்று நிமிடம் பேச்சு.
ஒருத்தி அழுதாள். ஒருவன் கடவுளைச் சாட்சிக்கு அழைத்தான்.
கைத்தட்டல் முடிந்தபோது
கூடத்தின் கடைசியில் குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

மஞ்சள் பென்சில். கைக்கடக்கமான சீட்டு.
நான் குனிந்தேன், கையால் மறைத்தேன்,
எழுதுவதைப் போலவே தோளை அசைத்தேன்.
வாக்குக் காப்பாற்றாதவருக்கு
எந்த வாக்கைக் கொடுப்பது?
இரண்டாக மடித்து
பாப்கார்ன் டப்பாவில் போட்டேன்.

எண்ணுவதும் நானே.
ஐந்தாவது முறையாக எனக்குத்தான் அந்த வேலை;
என் கணக்கில் தப்பு வராது என்று ஊருக்குத் தெரியும்.
பிரித்தேன், படித்தேன், அடுக்கினேன்.
டுவைட்டின் ஆள் முப்பத்தொன்று.
அழுதவளின் ஆள் பத்தொன்பது.
பிறகு என் சீட்டு வந்தது.
யாருடையதோ போல உயர்த்திக் காட்டி,
"வெற்றுச்சீட்டு, ஒன்று" என்றேன்.
பின்வரிசையில் சிரிப்பு.
"இந்தக் குளிரில் இதற்காகவா வண்டியை எடுத்தான்?" என்றான் டுவைட்
என்னைப் பார்த்து.
டிசம்பருக்குப் பிறகு
அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

டப்பாவின் அடியில் கடைசியாக ஒன்று.
மூன்றாக மடித்திருந்தது,
மின்கட்டணக் காசோலையை உறையில் வைக்கும் மடிப்பு.
பிரித்தேன். முன்பக்கம், பின்பக்கம்.
"வெற்றுச்சீட்டு, இரண்டு."
இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
எல்லோரும் அவரவர் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.
ஆர்லிஸ்
கையுறையின் விரல்களை
ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் பதினோரு மைல்.
வானொலியில் அதற்குள்
யாரோ வென்றுவிட்டார்கள்.
அவள் கையை நீட்டி அணைத்தாள்.
ஹீட்டர் சூடாக வெகு நேரம் பிடித்தது.