பன்னிரண்டில் ஒரு பங்கு

தபாலாபீஸ் வேலை முடிந்த மறுநாளே
சமையலறைச் சுவரை உடைத்தேன்.
இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
டுலூத்தில் ஏரி உறைந்து, உருகி, மறுபடி உறைந்துவிட்டது.
நாங்கள் இன்னும் குளியல் தொட்டியில்தான்
தட்டு கழுவுகிறோம்.

மாடி மேசைமேல் இருக்கிற வீட்டிலோ
அடுப்பங்கரை எப்போதோ தயார்.
முட்டை ஓட்டை நொறுக்கி ஒட்டிய தரை,
பற்பசை மூடியில் விளக்கு,
தீப்பெட்டி அகலத்தில் அலமாரிக் கதவு.
திறந்தால் திறக்கும், மூடினால் மூடும்.
கீழே ஒரு கதவும் அப்படி இல்லை.

பெரிய சுவருக்கு வாங்கிய பச்சையைச்
சின்னச் சுவரில் பூசிப் பார்த்தேன்.
பிடித்துப்போய் அங்கேயே
மூன்று பூச்சு, ஒரு வாரம்.
பெரிய சுவர் காத்திருக்கிறது, ஒயர் தொங்க.

டெல்பர்ட் ஒன்றும் சொல்வதில்லை.
நேற்று ராத்திரி மூக்குக்கண்ணாடியோடு குனிந்து
அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்,
கையில் ஆறிப்போன சூப்.
"நாம் எப்போது குடிபோகிறோம்?" என்றார்.

சிரித்தேன்.
அவர் தூங்கியபின் இடுக்கியை எடுத்து
அந்தப் பச்சைச் சுவரில் ஒரு பலகையைப் பெயர்த்தேன்.
கறுப்பு நூலில் இரண்டு ஒயர் தொங்கவிட்டேன்.
குளியல் தொட்டிக்குள்
பொத்தான் அளவில் இரண்டு தட்டு,
ஒன்றில் இன்னும் கழுவாத சூப்.